கறுத்த காசுக்கு ஒரு பால்கனி

இந்தக் கதையை நம்பலாமா கூடாதா என்று எனக்குப் பல வருடமாகச் சந்தேகம். சொன்னவருக்குப் பொய் சொல்லத் தெரியாது என்பதுதான் சந்தேகத்துக்கே காரணம். தெரிந்திருந்தால், தனக்கு இதைவிட மரியாதையான ஒன்றைச் சொல்லியிருப்பார்.

அலுவலகத்தில் அவருக்குத் 'தராசு' என்று பெயர். கடை கடையாகப் போய் எடைத் தராசுகளைச் சோதித்து முத்திரை வைப்பது அவர் வேலை. பெயர் வந்தது அதனால் அல்ல. எதைக் கேட்டாலும் இந்தப் பக்கம் கொஞ்சம் சாய்வார், அந்தப் பக்கம் கொஞ்சம் சாய்வார். முள் ஓரிடத்தில் நிற்காத தராசுக்கு அபராதம் போடுகிறவர், தன் முள்ளை ஒரு நாளும் நிறுத்தியதில்லை. காப்பியா டீயா என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் அவர் மனைவி அடுப்பை அணைத்த நாட்கள் உண்டு.

அப்படிப்பட்டவர் வாழ்க்கையில் ஒரே ஒரு முடிவை உறுதியாக எடுத்தார். சின்ன அறையை யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

அந்த அறையில் அவருடைய மேசை, விளக்கு, லென்ஸ், பழைய நாணயத் தட்டுகள். மனைவி திரைச்சீலையும் சோபா உறையும் தைத்துக் கொடுப்பவள். அவள் மெஷின் சமையலறை வாசலில் கிடந்தது. யாராவது ஃபிரிட்ஜைத் திறக்க வேண்டுமென்றால் அவள் எழுந்து நிற்க வேண்டும்.

"என்னங்க, அந்தச் சின்ன ரூமை எனக்குக் குடுங்களேன்."

"அது மட்டும் நடக்காது."

"ஏன்?"

"ஒரு மனுஷனுக்குச் சாத்திக்க ஒரு கதவாவது வேணாமா?"

"சரி" என்றாள்.

அவள் அவ்வளவு சுலபமாகச் சரி என்றதும் அவர் பயந்திருக்க வேண்டும். ஜெயித்துவிட்டதாக நினைத்தார்.

அந்த வாரமே ஒரு வெள்ளி நாணயம் வாங்கி வந்தார். பெரிய காசு. நடுவில் ஏதோ ஒரு ராணியின் தலை, அடுப்புக்கரி மாதிரிக் கறுத்திருந்தது. விளிம்பில் மட்டும் மயில்கழுத்து நீலம். நாணயச் சங்கத் தலைவர் ஒரு பல் டாக்டர். அவர் பார்த்ததும் சொன்னார்: "கழுவிடாதீங்க. அந்தக் கறுப்பு வெள்ளியோட சொந்தத் தோல். உரிச்சா காசு செத்துப்போச்சு." விற்ற கடைக்காரரோ ஒரு சின்ன பாட்டிலைக் கையில் திணித்தார்: "இதுல ஒரு முக்கு முக்கி எடுங்க சார். ராணி குளிச்சிட்டு வந்த மாதிரி இருப்பா."

தராசுக்கு இரண்டு தட்டும் கிடைத்துவிட்டது. ஆட ஆரம்பித்தார்.

மனைவி பாட்டிலைத் திறந்து முகர்ந்தாள். அழுகிய முட்டை வாடை. பிறகு லேபிளை நிதானமாகப் படித்தாள்.

"காத்தோட்டமான இடத்துலதான் திறக்கணும்னு போட்டிருக்கே. உங்க ரூம் ஜன்னல் திறக்கிறதே இல்லையே."

"அதான் யோசிக்கிறேன்."

"மேசையை பால்கனியில போட்டுக்கோங்க. உடம்பு முக்கியம். முடிவு பண்ற வரைக்கும்தானே."

மேசையின் ஒரு முனையை அவளே பிடித்தாள். இப்படி ஒரு மனைவி யாருக்குக் கிடைக்கும் என்று இன்னொரு முனையில் அவர் நெகிழ்ந்துபோனார்.

மறுநாள் வேலை முடிந்து வந்தபோது சின்ன அறையில் தையல் மெஷின் இருந்தது.

"இது என்ன?"

"மேசை இருந்த இடம் சும்மாதானே கிடக்கு. நீங்க முடிவு பண்ற வரைக்கும்தான்."

நியாயமாகத்தான் இருந்தது. சீக்கிரம் முடிவு பண்ணிவிட வேண்டியதுதான் என்று பால்கனியில் உட்கார்ந்தார். கீழே தெருவில் ஒருவன் குழாய் ரிப்பேர் செய்துகொண்டிருந்தான். அதைப் பார்த்ததில் அன்றைய பொழுது போயிற்று.

ஒருநாள் கழுவ வேண்டாம் என்ற பக்கம் நன்றாகச் சாய்ந்தார். மனைவியிடம் சொல்லிப் பார்த்தார்.

"டாக்டர் பேச்சைக் கேட்டுடலாம்னு இருக்கேன்."

"கேளுங்க. படிச்சவர். ஆனா பல்லுல கறுப்பு இருந்தா அவர் சும்மா விடுவாரா, சுரண்டி எடுப்பாரா?"

அவருக்குச் சுருக்கென்றது. போன வருடம் அதே டாக்டர்தான் அவர் பல்லைச் சுரண்டியவர். மெல்லக் கழுவும் பக்கம் வந்தார். பாட்டிலைத் திறந்து, காசை இடுக்கியில் பிடித்துவிட்டார்.

"கழுவுங்க கழுவுங்க" என்றாள் மனைவி, துணி காயப்போட வந்தவள். "எனக்கும் பளிச்னு இருந்தாத்தான் பிடிக்கும். அந்த நீலம் மட்டும் போனா போனதுதான், இல்லையா?"

இடுக்கி திரும்பி மேசைக்கு வந்தது. பாட்டிலை மூடிவிட்டார்.

நாணயத் தட்டுகள் வெளியே வந்தது இன்னொரு கதை. சாயத்துணி வாடை பட்டால் வெள்ளி கறுக்கும் என்று என்றோ அவரே அவளுக்குப் பாடம் எடுத்திருந்தார். அதை அவள் மறக்கவில்லை. "என் துணி உங்க காசுக்கு ஆகாதுங்க. பாவம், அதுங்க என்ன பண்ணும்" என்று தட்டுகளை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து பால்கனி அலமாரியில் அடுக்கிக் கொடுத்தாள். பூட்டுச் சாவியையும் கையில் கொடுத்தாள்.

மழைக்காலம் வந்தது. மேசை விளக்குக்கு ஒரு குடை, அவருக்கு ஒரு குடை. லென்ஸில் நீர் கோத்து ராணி அழுவது போலத் தெரிந்தாள். அன்றைக்குத்தான், தோள் நனைந்த நிலையில், அவருக்கு உறைத்தது. காசை என்ன செய்வது என்பதல்ல கேள்வி. என்ன செய்வதாகச் சொன்னாலும், சொன்ன கணத்தில் அறை திரும்பி வந்துவிடும். இவ்வளவு சின்ன விஷயத்தை யோசிக்காமல் போனோமே என்று தலையில் அடித்துக்கொண்டார்.

நேராக உள்ளே போனார். மனைவி சிவப்புத் திரைச்சீலை ஒன்றுக்கு மடிப்புத் தைத்துக்கொண்டிருந்தாள். மெஷினை நிறுத்தாமலேயே நிமிர்ந்தாள்.

"முடிவு பண்ணிட்டேன். கழுவப் போறதில்லை. எது வந்தாலும் இதுதான்."

மெஷின் நின்றது.

"நல்ல முடிவுங்க" என்றாள். வாயில் கடித்திருந்த ஊசிகளை எடுத்து வைத்தாள். "வாங்க, மேசையை இப்பவே உள்ள தூக்கிடலாம். நான் பழையபடி ஃபிரிட்ஜ் பக்கம் போயிடறேன்."

அவர் எதிர்பார்த்து வந்தது ஒரு சண்டையை. இது கிடைத்ததும் முள் கொஞ்சம் ஆடியது. "உனக்குக் கஷ்டமா இருக்குமே."

"எனக்கென்ன கஷ்டம். காசை ஒருதரம் குடுங்க, இவ்வளவு நாள் உங்களை ஆட்டி வெச்சவளை நானும் பார்த்துக்கறேன்."

கொடுத்தார். அவள் அதை மெஷின் விளக்கடியில் பிடித்துப் புரட்டினாள். கண்ணைச் சுருக்கினாள். தள்ளிப் பிடித்தாள்.

"ஏங்க, காதுக்குப் பின்னாடி பச்சையா ஏதோ தெரியுதே."

"பச்சையா?"

"எனக்கு வெள்ளெழுத்துக் கண்ணு. அப்படித் தெரியுதோ என்னமோ. விடுங்க, நீங்கதான் முடிவு பண்ணியாச்சே. மேசையைப் பிடிங்க."

அவர் மேசையைப் பிடிக்கவில்லை. கறுப்பு வெள்ளியின் தோல், சரி. பச்சை அப்படியல்ல. வெள்ளியில் கலந்த செம்பில் களிம்பு ஏறுவது. விட்டால் காசை உள்ளே தின்னும். அதை எடுத்துத்தான் ஆக வேண்டும் என்று பல் டாக்டரே ஒத்துக்கொள்வார். எடுக்கப் போனால் கறுப்பும் சேர்ந்து போகலாம். நீலமும் போகலாம்.

காசை வாங்கிக்கொண்டு, லென்ஸோடும் குடையோடும் பால்கனிக்குப் போனார். பின்னால் மெஷின் ஓடத் தொடங்கியது.

இது அவரே எனக்குச் சொன்னது. பக்கத்து வீடு என்பதால் பல சாயங்காலங்கள் அந்தப் பால்கனியில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். எத்தனை தடவை சொன்னாலும் பச்சையோடு நிறுத்திவிடுவார், ஏதோ தீராத வியாதியைச் சொல்கிறவர் போல. மனைவியைப் பற்றி ஒரு வார்த்தை குறையாகச் சொன்னதில்லை. அவள் கண்ணுக்கு மட்டும் அது படாமல் இருந்திருந்தால் காசே போயிருக்கும் என்பார். நான் கேட்டுக்கொள்வேன். வீட்டுக்கு வந்து, அவரிடம் என்ன கேட்டிருக்க வேண்டும், கேட்டால் நட்பு என்ன ஆகும் என்று நானும் அவரைப் போலவே ஆடிக்கொண்டிருப்பேன்.

போன வாரம் அந்தக் காசை என் கையில் கொடுத்தார். வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். உள்ளே மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கடைசியில் கேட்டே விட்டேன்:

"எல்லாம் சரிங்க. அந்தப் பச்சையை நீங்க ஒரு தடவையாவது பார்த்தீங்களா?"