கரை திரும்பாத வீடு

இந்திய நீதித்துறையைத் தாங்கி நிற்பவர்கள் நீதிபதிகள் என்று சிலர் சொல்வார்கள். விவரம் போதாதவர்கள். திண்டிவனத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் தீனதயாளன் மட்டும் இல்லையென்றால், என்னைப் போன்ற வக்கீல்கள் என்றைக்கோ மல்லாட்டை என்கிற வேர்க்கடலையை உரிக்கப் போயிருப்போம்.

2006-இல் பொம்மையார்பாளையம் வீரம்மாள், தன் கடலோர வீட்டை அரிபிரசாத் என்பவருக்கு கெஸ்ட் ஹவுஸ் நடத்த ஒரு வருடத்துக்கு விட முடிவு செய்தார். ஒப்பந்தம் எழுத தீனதயாளனிடம் போனார்.

"வக்கீலாண்ட போனா இழுத்துக்கினே இருப்பாரும்மா. நான் ஜல்தியா முடிச்சிடறேன்."

அவருடைய கம்ப்யூட்டரில் இருந்ததோ மரக்காணத்து மீன்பிடிப் படகு ஒன்றின் குத்தகைப் பத்திரம். 'படகு' என்றிருந்த இடமெல்லாம் 'வீடு' என்று மாற்றினார். டீ ஆறுவதற்குள் 'சட்ட ஆவணம்' தயார். புயல் எச்சரிக்கை நாட்களில் வீட்டைக் கடலுக்குள் ஓட்டக் கூடாது. வீட்டின் அடியில் தண்ணீர் கசிந்தால் உடனே கரைக்கு இழுத்து வர வேண்டும். இவற்றுக்கெல்லாம் சிகரமாக ஒரு ஷரத்து: வீடு கடலிலிருந்து கரை திரும்பிய பிறகே உரிமையாளரிடம் ஒப்படைக்கப்படும்.

படிக்கச் சொல்லிக் கேட்ட வீரம்மாளுக்கு லேசாகச் சந்தேகம். "இன்னாப்பா, கடலு கடலுன்னே வருது?"

"கடலோர வூடுன்னா கடலு வராதாம்மா?"

நியாயம்தானே! கையெழுத்துப் போட்டார்.

வருடம் முடிந்தது. மகள் வீட்டில் ஒண்டியிருந்த வீரம்மாள் தன் வீட்டைத் திருப்பிக் கேட்டார். அரிபிரசாத் ஷரத்தைக் காட்டினார். வழக்கு கோர்ட்டுக்கு வந்தது. அரிபிரசாத்துக்காக நான் ஆஜரானேன்.

"கனம் நீதிபதி அவர்களே, வீடு கரை திரும்பிய அன்றே என் கட்சிக்காரர் ஒப்படைத்துவிடுவார். திரும்பியதற்குச் சாட்சி எங்கே?"

"அது கடலுக்குப் போகவே இல்லையே!" என்று கத்தினார் எதிர்த்தரப்பு வக்கீல்.

"போகவே இல்லையென்றால், ஒப்பந்தக் காலம் இன்னும் தொடங்கவே இல்லை!"

நீதிபதி நெற்றியைத் தேய்த்துக்கொண்டு வாய்தா போட்டார். எனக்கு நானே கைதட்டிக்கொள்ளாத குறை. அந்த வாய்தா வளர்ந்து வருடக்கணக்கில் ஓடுகிறது.

போன வாய்தா அன்று கோர்ட் வாசலில் வீரம்மாளைப் பார்த்தேன். இன்னும் மகள் வீட்டு வாசற்படியோரம்தான் படுக்கிறாராம். எனக்கே பாவமாக இருந்தது. நல்லதாக நாலு வார்த்தை சொன்னேன்.

"சட்டம் தெரியாதவங்க கையில பத்திரம் எழுதக் குடுக்கலாமாம்மா?"

வீரம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அவரு தெரியாம எழுதிட்டாரு சார். நீங்க தெரிஞ்சிக்கினேதான வாதாடறீங்க?"