ஆர்கண்டது மாஸ்டரும் அடுத்த அறை இருமலும்

கண்டியில் பெய்கிற மழையைக்கூட இன்னொருவர் நனைந்து வந்து சொன்னால்தான் நம்புகிற மனிதர் ஒருவர் இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர். கண்டியை ஒட்டிய ஹந்தானை மலையடியில் அவர் வீட்டு மாடியில் நான் வாடகைக்கு இருந்தேன். எதைச் சொன்னாலும் “ஆர் கண்டது?” என்பார், நேரில் பார்த்தவர் யார் என்று. தெருவுக்கே அவர் ‘ஆர்கண்டது மாஸ்டர்’.

மேட்டில் சிறுத்தை நடமாடுவதாக வாட்ஸ்அப்பில் வந்ததும் தெருவே கதவைச் சாத்தியது. மாஸ்டர் குடையோடு கிளம்பினார். “கண்டது அனுப்பினவரோ, அவரின்ர மச்சானோ?” மச்சானையும் தேடிப் பிடித்தார். அவருக்கும் யாரோ அனுப்பியதுதானாம்.

இத்தனைக்கும் ஞாயிறு தவறாமல் மாதா கோயில் பூசைக்குப் போகிறவர். ஒருநாள் கேட்டுவிட்டேன். “அப்ப யேசுவப் பத்தி நிச்சயமா என்னதாங்க தெரியும், மாஸ்டர்?”

“யோவானிட்ட முழுக்குப் பெற்றவர். ரோம ஆளுநர் அவரைச் சிலுவையில அறைவிச்சவர். இது ரெண்டுக்கும் வரலாறு கையெழுத்துப் போடும். தங்கட ஆண்டவர் குற்றவாளி மாதிரிச் செத்தார் எண்டு ஆரும் ஆசைக்குக் கட்டிவிடமாட்டினம்.”

“உயிர்த்தது?”

“நான் நம்புறன். வரலாறு, ‘நாங்கள் கண்டம்’ எண்டு சொன்ன ஆக்கள் இருந்தவை எண்டு மட்டும் சொல்லும்.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “பனி இறங்கேக்க மனிசியின்ர அறையில இருமல் கேட்குது.”

அவர் மனைவி அந்த வருடம்தான் காலமாகியிருந்தார். அந்த இருமலை நானும் கேட்டிருந்தேன், சொன்னேன்.

“நான் சொன்ன பிறகுதானே சொல்லுறீர்? செல்லாது. நானும் ஆசை உள்ள சாட்சி. அதுவும் செல்லாது.” மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். தனக்குப் புத்தி பேதலிக்கிறதோ என்ற பயம் அவருக்கு.

அடுத்த வாரம் தேயிலைத் தோட்டத்து ஊரான கலஹாவிலிருந்து லெட்சுமியக்கா சமையலுக்கு வந்தார். முதல் நாள் மாலையே தேத்தண்ணியை வைத்துவிட்டுக் கேட்டார். “அந்த ரூம்ல அம்மா இருமிக்கிட்டே இருக்காங்க. சுடுதண்ணி குடுக்கவாங்க ஐயா?”

மாஸ்டர் கதிரையிலிருந்து எழுந்தார். “இஞ்ச ஒரு அம்மா இருக்கிறா எண்டு உமக்கு ஆர் சொன்னது?”

“யாரும் சொல்லலீங்க. அம்மாதான் கதவுக்கு அந்தப் பக்கம் இருந்து, ஐயாவுக்குச் சீனி போட வேணாம்னாங்க.”

மாஸ்டர் ஒரு வாய் குடித்துப் பார்த்தார். சீனி இல்லை, மனைவி இருந்தபோது தந்தது போலவே. மேற்கொண்டு ஒரு கேள்வியும் கேட்காமல், முகம் சுளித்தபடி முழுவதையும் குடித்து முடித்தார். கண் கலங்கியிருந்தது.

“இதை வரலாற்றில எழுதேலாது” என்றார். பிறகு தானே அடுப்பில் தண்ணீர் வைத்தார்.

கோப்பையோடு அந்த அறைக்குப் போனவர், கதவைத் தட்டுவதற்கு முன் நின்று தலையை வாரிக்கொண்டார். எனக்கு அந்த மனிதரை அவ்வளவு பிடித்துப்போனது அப்போதுதான்.