பா எவர்கிங் பழுக்க வைத்த பெடல்கள்

ஷில்லாங்கில் குடையை மறந்து வெளியே போகிறவனைப் பார்க்கலாம். கிடார் வாசிக்காதவனைப் பார்ப்பது கஷ்டம். அப்படிப்பட்ட ஊரில் "உன் கிடார் சத்தம் இன்னும் பழுக்கலை" என்று ஒருவர் சொன்னால் என்ன ஆகும்? லைத்தும்க்ரா பேட்டையில், ஜாதோ என்ற இறைச்சிச் சோறு விற்கும் கடையின் மாடிக்கு ஏறும் படிக்கட்டில், சனிக்கிழமை காலை எட்டு மணிக்கே கூட்டம் நெரியும்.

சொன்னவர் பா எவர்கிங். பெரியவர்களுக்குப் போடும் 'பா'வை அவருக்கும் போட்டதுதான் நாங்கள் செய்த முதல் தப்பு.

கிடார்காரன் காலடியில் கிடக்குமே ஓவர்டிரைவ் பெடல், மிதித்தால் சத்தம் கரகரவென்று சூடேறுமே, அதுதான் அவருடைய வயல். உங்கள் பெடலை வாங்கிக்கொள்வார். பைன் மரத்தடி மண்ணில் மூன்று வாரம் புதைப்பாராம். உள்ளே ரகசியச் சில்லு ஒன்றை மாற்றுவாராம். மேலே கறுப்புப் பசை ஊற்றி மூடித் தருவார்.

"திறந்துடாதீங்க, சத்தம் ஆவியாப் போயிடும்!"

வித்தியாசம் தெரியவில்லை என்று எவனாவது முனகினால் பரிதாபமாகப் பார்ப்பார். "தம்பி, பெடல் பழுத்துடுச்சு. உன் காதுதான் இன்னும் காய்."

அப்புறம் எவன் வாயைத் திறப்பான்? ஊரில் அத்தனை பேருக்கும் ஒரே வாரத்தில் காது பழுத்துவிட்டது.

நான் டிரம்ஸ்காரன். எனக்குப் பெடல் கிடையாது, அதனால் பிழைத்தேன். எங்கள் குழுவின் கிடார்காரன் கிட்போக் பிழைக்கவில்லை. இரண்டு முறை பழுக்க வைத்தும் அவனுக்கு ஆசை அடங்கவில்லை. மூன்றாம் பழுப்புக்கு பா எவர்கிங் பணம் வேண்டாம் என்றுவிட்டார். பெருந்தன்மை! "பழைய மரம் ஒண்ணு காணிக்கை வேணும். உன் மாமாவோட கிடார் இருக்கில்ல?"

செத்துப்போன தாய்மாமன் அவன் கையில் கொடுத்துவிட்டுப் போன கிடார் அது. கிட்போக் அதைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு படியேறினான். வழியெல்லாம் நான் திட்டினேன். அவன் காதில் விழவில்லை. பழுத்த காதல்லவா!

நான் சும்மா இருக்கவில்லை. பக்கத்துத் தெருவில் செல்போன் பழுதுபார்க்கும் காங் ரிடாலினைக் கூட்டி வந்திருந்தேன். 'காங்' என்றால் எங்கள் ஊரில் அக்கா. தேவாலயத்தில் பேஸ் கிடார் வாசிக்கிறவர். வாயில் வெற்றிலைபாக்கு, தோளில் கருவிப் பை.

மாடியில் பா எவர்கிங் முதலில் பழுக்காத பெடலை மிதித்துக் காட்டினார். பிறகு பழுத்தது. கூட்டம் "ஆகா!" என்றது.

"பா, ஒரு நிமிஷம்," என்றார் காங் ரிடாலின். "ரெண்டாவது தடவை உங்க கை ஏன் ஆம்ப்ளிஃபையர் திருகு மேல போச்சு?"

"அது... பழக்கம்."

"சத்தத்தைக் கூட்டினா எதுவும் நல்லாத்தான் இருக்கும். என் வீட்டுக்காரர் குறட்டையைத் தவிர."

கூட்டம் சிரித்தது. காங் ரிடாலின் அந்தத் திருகின்மேல் ஒட்டுநாடாவைச் சுற்றினார். "இப்ப சுவரைப் பார்த்துத் திரும்பிக்குங்க. கிட்போக் வாசிப்பான், நான் மிதிக்கிறேன். எது பழுத்ததுன்னு நீங்களே சொல்லுங்க."

"என் காதையே சோதிக்கிறியா?"

"பழுத்த காதுக்கு என்ன பயம்?"

அறுபது பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது முடியாது என்று எப்படிச் சொல்வது? திரும்பிக்கொண்டார். கிட்போக் வாசித்தான். ஒரு மிதி. கொஞ்சம் பொறுத்து இன்னொரு மிதி.

"முதல்ல வந்தது காய்! ரெண்டாவது வந்தது என் கைவேலை! மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம், கேட்டீங்களா?"

"கேட்டோம், கேட்டோம்!" என்றது சிஷ்யகோடி.

காங் ரிடாலின் நிதானமாகப் பாக்கை ஒதுக்கினார். "ரெண்டு தடவையும் ஒரே பெட்டியைத்தான் மிதிச்சேன். காய்ப்பெட்டியை."

"கேட்டோம்" என்றவர்கள் மெல்லப் பின்வரிசைக்கு நகர்ந்தார்கள்.

கிட்போக் பொறுக்கவில்லை. தன்னுடைய பழுத்த பெடலை அவனே எடுத்து நீட்டினான். "திறங்க, காங்."

"திறக்காதே! ஆவியாப் போயிடும்!" என்று பாய்ந்தார் பா எவர்கிங்.

"போனா போகட்டும். உள்ளே என்னதான் இருக்குன்னு பார்த்துடலாம்," என்றார் காங் ரிடாலின்.

செல்போனுக்குக் காட்டும் சூடுகாற்றுக் குழாயைக் கறுப்புப் பசைமேல் காட்டினார். பசை இளகி உரிந்தது. உள்ளே தொழிற்சாலையில் வைத்த சில்லு, வைத்தபடியே இருந்தது. ஈயத்தால் பற்றுவைத்த இடத்தில் ஒரு கீறல்கூட இல்லை.

"இதைப் புதைக்கக்கூட இல்லையே பா," என்றார் அவர். "மண்ணே ஒட்டலை."

எல்லோரும் பெட்டிக்குள் தலையை நீட்டிக்கொண்டிருந்தபோது பா எவர்கிங் பின்படி வழியாக இறங்கிவிட்டார். கிட்போக் மாமாவின் கிடாரைத் திரும்பவும் துணியில் சுற்றினான்.

"அப்போ வீட்டுல பெடலை மாத்தறதே பொய்யா, காங்?"

"யாருடா சொன்னது? ஈயம் பத்தவைக்கிற கோலைப் பிடி. உள்ளே ஒரு பாகத்தை மாத்து. கண்ணை மூடிக் கேளு. பிடிக்கலைன்னா திரும்ப வை. இதுக்கு எதுக்குடா குரு?"

மறுநாளே அவன் ஒரு பாகத்தை மாற்றினான். சத்தம் கேவலமாக இருந்தது. திரும்ப வைத்தான். என்னமாய்ச் சிரித்தான்!

எல்லோரும் திருந்திவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள். அன்று படியிறங்கும்போதே ஒருவன் என் சட்டையைப் பிடித்து இழுத்தான். "அண்ணே, அவர் போனா போகட்டும். அந்தக் கறுப்புப் பசை மட்டும் எங்கே கிடைக்கும்?"

காது பழுத்ததா என்று அப்புறம் பார்க்கலாம், ஐயா. இரண்டு காதுக்கும் நடுவே ஒன்று இருக்கிறதே, அதில் விளக்கு எரிகிறதா என்று முதலில் பாருங்கள்!