பிரபஞ்சம் டெய்லரும் முகூர்த்த ப்ளவுஸும்

சொன்ன தேதியில் ப்ளவுஸ் கொடுத்த டெய்லர் இந்த உலகத்தில் இன்னும் பிறக்கவில்லை. ஆனால் கொடுக்காததற்கு மொத்தப் பிரபஞ்சத்தையும் சாட்சிக்குக் கூப்பிடும் ஒரே டெய்லர் எங்கள் மயிலாப்பூரில்தான் இருக்கிறார். கரன்ட் இல்லை, மெஷின் ரிப்பேர், மாமியார் தவறிட்டாங்க என்று மற்றவர்கள் சொல்லும் அற்பக் காரணம் எதையும் அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை.

குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில், மாடிப்படிக்குக் கீழே கடை. போர்டில் 'லேடீஸ் டெய்லர்' என்று மட்டும் இருக்கும். சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. தெருவே அவரைப் பிரபஞ்சம் என்றுதான் சொல்லும். நூல்கண்டுகள் மேல் செல்போனைச் சாய்த்து வைத்து, விண்வெளி ஆராய்ச்சி வீடியோக்களை ஓடவிட்டபடியே தைப்பார். கேட்டதைச் சுடச்சுட எங்கள் தலையில் கட்டுவார்.

ஒருமுறை தீபாவளிக்குக் கொடுத்த துணியைக் கேட்டுப் பொங்கலுக்குப் போய் நின்றேன். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"கனமான பொருள் பக்கத்துல நேரம் மெதுவா ஓடும் மேடம். அளந்தே பாத்துட்டாங்க. இங்க எவ்ளோ துணி குவிஞ்சி கீது பாரு. உனக்குப் பொங்கல் வந்துடுச்சி. எனக்கு இன்னும் தீபாவளியே தாண்டல."

"சரி, மிச்சத் துணி எங்க மாஸ்டர்?"

"பிரபஞ்சத்துல முக்காவாசி சரக்கு இன்னான்னே யாருக்கும் தெரில. கண்ணுக்குத் தெரியாது, கைக்கு ஆப்டாது. ஆனா அது இழுத்துப் புடிச்சிக்கினு இருக்கிறதாலதான் நட்சத்திரக் கூட்டமெல்லாம் சிதறாம நிக்குது. அவ்ளோ படிச்சவங்களே தேடிக்கினு கீறாங்க. நீ ஒரு முழத் துணிக்கு வந்து நிக்கிற."

அந்தக் கண்ணுக்குத் தெரியாத சரக்கு அடுத்த வாரம் அவர் மனைவி கையில் காய்கறிப் பையாக எனக்குத் தரிசனம் தந்தது.

ப்ளவுஸ் கை கோணலாக இருக்கிறதே என்று எதிர்வீட்டு மாமி சண்டைக்குப் போனபோது, எங்கோ இரண்டு கருந்துளைகள் மோதிக்கொண்டால் அந்த அதிர்வு அலையாகப் பரவி வந்து நம்மையெல்லாம் துளியூண்டு நெளித்துவிட்டுப் போகும் என்று விளக்கம் கொடுத்திருக்கிறார். மாமி பயந்துபோய்க் கோணல் கையோடு திரும்பிவிட்டார். விஞ்ஞானம் தப்பில்லை. தையல்தான் தப்பு.

இப்படிப்பட்டவரிடம்தான் என் தங்கை வித்யாவின் முகூர்த்த ப்ளவுஸ் போய்ச் சேர்ந்தது. வேறு கடை பாரேன் என்று ஊரே சொன்னது. எங்கள் வீட்டுக்கு ஊர் சொல்வதைக் கேட்டுப் பழக்கமில்லை.

கல்யாண ப்ளவுஸ் என்றால் ஆரி வேலை இல்லாமல் முடியுமா? முதலில் டெய்லர் துணியில் அளவுக் கோடு போட வேண்டும். அந்தக் கோட்டுக்குள்தான் ஆரிக்காரர் ஜரிகையும் மணியும் பதிப்பார். கோடு தப்பினால் எல்லாம் போச்சு. புடவையோடு வந்த ஒரே துண்டு, மாற்றுத் துணி கிடையாது. வித்யா வழக்கம்போல அளவுக்கு ஒரு பழைய ப்ளவுஸும் கொடுத்தாள், அவர் டேப்பிலும் அளவெடுத்தார். அதன் பிறகு கல்யாணம் நெருங்கிக்கொண்டே வந்தது. பிரபஞ்சம் கோடு மட்டும் போடவில்லை. ஒவ்வொரு முறையும் "தங்கச்சிய இட்டுக்கினு வா, இன்னொருவாட்டி அளக்கணும்" என்பார். அவளும் போய் அளவு கொடுத்துவிட்டு வருவாள். ஆரிக்காரர் இனி முடியாது என்று கையை விரிக்கும் நிலைக்கு வந்ததும், வித்யாவை இழுத்துக்கொண்டு நானே சண்டைக்குப் போனேன்.

"இன்னிக்குக் கோடு போடறீங்களா, துணியத் திருப்பித் தரீங்களா?"

அவர் செல்போனை அணைத்தார். அவர் அதை அணைத்து நான் பார்த்தது அன்றுதான்.

"மேடம், பிரபஞ்சம் எவ்ளோ வேகமா விரியுதுன்னு ரெண்டு விதமா அளக்கறாங்க. அது கொழந்தையா இருந்தப்ப கெளம்புன வெளிச்சம் இன்னும் வந்துக்கினு கீது. அத வச்சி கணக்குப் போட்டா ஒரு அளவு வருது. நட்சத்திரங்கள வச்சி நேரா அளந்தா வேற அளவு, பெருசா வருது. திருப்பித் திருப்பி அளந்தும் ஒத்துப் போவல. ரெண்டுமே சரின்னா, நடுவுல நமக்குத் தெரியாதது ஏதோ நடந்திருக்கணும்."

"எங்க ப்ளவுஸுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?"

"பழைய ப்ளவுஸ் பொய் சொல்லாது. என் டேப்பும் பொய் சொல்லாது. ஆனா ஒவ்வொரு வாட்டியும் இந்தப் பொண்ணு சின்னதாயிக்கினே போவுது. ஒலகமே விரியுது, இது மட்டும் ஏன் சுருங்குது? நடுவுல இன்னா நடந்துச்சுன்னு தெரியாம நான் எப்டி கோடு போடறது?" என்னை விட்டுவிட்டு அவளைப் பார்த்தார். "ஏம்மா, நீ சாப்புட்றியா இல்லியா?"

வித்யா தலையைக் குனிந்துகொண்டு அழ ஆரம்பித்தாள். நிச்சயதார்த்த போட்டோவைப் பார்த்து மாப்பிள்ளையின் அத்தை, பெண் கொஞ்சம் பூசினாற்போல் இருக்கிறாள் என்று சொன்னாராம். அன்றிலிருந்து வெள்ளரிக்காயும் வெந்நீரும்தான். வீட்டில் தட்டு வைத்ததும் பசியில்லை என்று எழுந்து போவாள். நாங்களோ, முகத்தில் கல்யாணக் களை வந்துவிட்டது என்று சுற்றி நின்று திருஷ்டி கழித்துக்கொண்டிருந்தோம். பட்டினிக்குத் திருஷ்டி கழித்த ஒரே குடும்பம் நாங்களாகத்தான் இருப்போம்.

அந்த இடத்திலேயே மாப்பிள்ளைக்கு போன் போட்டுக் கொடுத்தேன். அவர் பதறிப்போனார். "எங்க அத்தையா? அவங்க பௌர்ணமி நிலாவையே கொஞ்சம் குண்டுன்னு சொல்றவங்க. அவங்க பேச்சக் கேட்டா இப்படிக் கிடந்த?" என்றார். வித்யாவுக்கு அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்துவிட்டது.

பிரபஞ்சம் சாக்கட்டியை எடுத்தார். டேப்பைச் சுருட்டி வைத்துவிட்டு, பழைய ப்ளவுஸைத் துணி மேல் விரித்து, அதைச் சுற்றியே கோடு போட்டார்.

"நான் பழைய வெளிச்சத்ததான் நம்பறேன். இந்த அளவுக்கு நீ வந்து சேரு, தங்கச்சி."

ப்ளவுஸ் முகூர்த்தத்துக்கு முதல் நாள்தான் வந்தது, அதில் அதிசயமில்லை. போட்டுப் பார்த்தாள். கோணல் இல்லை, சுருக்கம் இல்லை, பிடித்துவைத்த மாதிரி உட்கார்ந்தது. மறுநாள் பந்தியில் பிரபஞ்சம் மணமக்களுக்கு எதிர் வரிசையில் உட்கார்ந்து, பக்கத்து இலைக்காரரிடம் கருந்துளை பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். பேச்சு அங்கே இருந்தாலும் கண் வித்யாவின் இலையில்தான் இருந்தது. அவள் இன்னொரு ஜாங்கிரி கேட்டு வாங்கிச் சாப்பிட்ட பிறகுதான், தன் இலையை மூடிவிட்டுக் கை கழுவ எழுந்தார்.