ரூமுக்கு வாங்க, டீ குடிக்கலாம்

உபசாரசிங்கம் என்று ஓர் இனம் நம்மிடையே நடமாடுகிறது. நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவர் தந்த டீயைக் குடித்திருப்பீர்கள். இல்லை, தவறு. அவர் வீட்டு அம்மாள் போட்ட டீயைக் குடித்துவிட்டு அவருக்கு நன்றி சொல்லியிருப்பீர்கள்.

தெருவில் போகிறவர் செருப்பு வார் அறுந்து வாசலில் சற்று நின்றால் போதும், கையைப் பிடித்து உள்ளே இழுத்து, நாற்காலியில் அழுத்தி, ஃபேனைத் தட்டிவிட்டு, ஊர் கேட்டு, பேர் கேட்டு, அந்த ஊரில் தனக்குத் தெரிந்தவர்களையெல்லாம் நலம் விசாரித்து, இருந்து சாப்பிட்டுத்தான் போக வேண்டும் என்று உத்தரவு போட்டு, பிறகு தலையை மட்டும் உள்பக்கம் திருப்பி ஒரு குரல் கொடுப்பார். தலையைத் திருப்பியதோடு அவர் வேலை முடிந்தது.

இந்த இனத்தை அதன் வீட்டில் வைத்துப் பார்ப்பதில் சுவாரசியமில்லை. ஓட்டலில் பார்க்க வேண்டும். நான் பார்த்தேன், பக்கத்து அறையில் தங்கி.

பாலக்காட்டு எல்லையோரம் பெருமாட்டி என்ற ஊரில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் குப்பண்ணனுக்கும் அவர் மனைவி கோமதிக்கும் மகள் கோழிக்கோட்டுக் கடற்கரையில் ரூம் போட்டுக் கொடுத்திருந்தாள். பழைய பாணி ஓட்டல். வெளியே ஹாரன், கூட்டம், உப்பிலிட்ட மாங்காய் வண்டி. உள்ளே அந்தக் காலத்தை நாள் வாடகைக்கு விடுகிறார்கள்: சிவப்புத் தரை, பிரம்பு நாற்காலி, விரல் விட்டுச் சுற்றும் போன், பாடாத ரேடியோ, வாசலில் ஓடாத அம்பாசிடர்.

கிளம்பும்போது கோமதி ஒன்றே ஒன்றுதான் கேட்டாராம். "ஏனுங்க, ரெண்டு நாளைக்கு ஆருக்கும் டீ வெக்காம இருக்கோணுங்க. சூரியன் கடல்ல எறங்கறதைப் பாத்துட்டு வந்தாப் போதுங்க."

"போறதே அதுக்குத்தான" என்றாராம் குப்பண்ணன். மனதாரத்தான் சொல்லியிருப்பார். இந்த இனத்தார் பொய் சொல்வதில்லை. மறந்துவிடுவார்கள்.

தப்பு ஓட்டல்காரர்கள் மேலும் உண்டு. வீடு மாதிரியே கட்டி வைத்தால் மனுஷன் என்ன செய்வார்? முன்கூடத்துப் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு கார் வந்து நின்றது. படியேறி வருகிறவரை "வாங்க" என்று கேட்காமல் விட்டால் தலைமுறைக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோகிற சீமைக்காரர் அவர். எழுந்து போனார்.

"வாங்க, வாங்க. பயணமெல்லாம் சௌரியங்களா?"

பெங்களூரிலிருந்து வந்த அந்த இளம் தம்பதி அவரை முதலாளி என்றே நம்பி வைஃபை பாஸ்வேர்டு கேட்டார்கள். அவர் உடனே மகளுக்குப் போன் போட்டு விசாரித்தார். அடுத்து வந்த குடும்பமோ, ஓட்டல் அலங்காரத்தில் இந்த வேட்டிக்காரரும் சேர்த்தி என்று நினைத்து, அவரை ரேடியோ பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டது.

"சேட்டா, அது ஞங்கள் நோக்கிக்கோளாம்" என்று கெஞ்சினார் மானேஜர் டிஜோ.

"நீங்க பாத்துக்குவீங்க தம்பி. ஆனா கம்ப்யூட்டரைப் பாத்துட்டே வாங்கன்னா, வந்தவிங்க மனசு என்ன பாடுபடும்?"

டிஜோ கம்ப்யூட்டரை விட்டு எழுந்து நின்றுகொண்டார். வேறு பதில் உங்களிடம் இருக்கிறதா?

சாயங்காலம் ஆயிற்று. கோமதி புதுச் சேலை கட்டி, பூ வைத்து, செருப்பும் போட்டுக்கொண்டு அறையில் தயாராக இருந்தார். சூரியன் சிவக்க ஆரம்பித்துவிட்டது. அந்த நேரம் பார்த்துத்தானா அதே எல்லைப் பக்கம் கோவிந்தாபுரத்தில் மளிகை மண்டி வைத்திருக்கும் அப்துல் சமதும் அவர் மனைவி ஐசும்மாவும் கடற்கரைக்குப் புறப்பட்டு முன்கூடத்துக்கு வர வேண்டும்? ஊர்ப் பேரைக் கேட்டதும் குப்பண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. காலையில்தான் அந்தப் பக்கத்திலிருந்து வந்தவர், என்னவோ கப்பலேறிப் போய்ப் பல வருஷமான மாதிரி கட்டிக்கொண்டார்.

"ராவுத்தரே, நம்ம பக்கத்து ஆளு, இப்படியே போனா நல்லாவா இருக்கும்? ரூமுக்கு வாங்க, ஒரு வாய் டீ குடிச்சுட்டுப் போலாம்."

சும்மா நின்ற என்னையும் சேர்த்து ஓட்டிக்கொண்டு போனார். அறைக் கதவைத் திறந்தார். "கோமதி, ஆரு வந்திருக்காங்க பாரு. டீ வெய்யி."

அந்த அம்மாள் முகத்தைப் பார்த்தேன். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. திரும்பிப் போயிருக்கலாம்; போகவில்லை. அவர் எங்கள் எல்லோரையும் முறையாக "வாங்க" என்று கேட்டார். ஜன்னலுக்கு வெளியே ஒரு தரம் பார்த்தார். பிறகு, செருப்பைக் கழற்றாமலே வந்து எங்களோடு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"எனக்குச் சக்கரை கம்மியாப் போடுங்க" என்றார், கணவரைப் பார்த்து.

குப்பண்ணன் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். கூப்பிட்டாயிற்று; டீ இல்லாமல் அனுப்பினால் மானம் போகும். ஓட்டல்காரர்கள் அறையில் வைத்திருந்த கரண்ட் கெட்டிலை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தோப்பு மோட்டாரைத் தனியாளாகக் கழற்றிப் பூட்டுகிறவர்தான். ஆனால் தண்ணீர் எவ்வளவு, தூள் எவ்வளவு? அப்துல் சமது வாய்விட்டுச் சிரித்தார். அவரும் இதே இனம் என்பது எனக்குத் தெரியாது. ஐசும்மாவுக்குத் தெரியும்.

"என்ன சிரிப்பு? நீங்களும் கூடமாட ஒத்தாசை பண்ணுங்க" என்றார் ஐசும்மா. "எந்திரிங்கக்கா. இவங்க டீ வெக்கறதுக்குள்ள நம்ம கடலப் பாத்துட்டு வந்துரலாம்."

போய்விட்டார்கள். கோமதி ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

அதன்பின் அறையில் நடந்ததை விரிவாகச் சொல்வது நாகரிகமில்லை. பால்பொடிப் பொட்டலத்தை ஒருவர் பல்லால் கிழித்தார். பொடி மற்றவர் மீசையில் போய் இறங்கியது. நான் ஜன்னல் பக்கம் ஒதுங்கினேன். சூரியன் தண்ணீரைத் தொட்ட நேரம், அலை ஓரத்தில் இரண்டு சேலைகள் தெரிந்தன. கோமதி ஐசும்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார். எனக்கு ரொம்ப சந்தோஷமாக இருந்தது.

இருட்டிய பிறகு வந்தார்கள். குப்பண்ணன் இரண்டு கையாலும் டம்ளரை நீட்டினார். டீ ஆறிப்போய்க் கழுநீர் நிறத்தில் இருந்தது. கோமதி ஒரு மிடறு குடித்தார்.

"நல்லாருக்குதுங்க" என்றார். விருந்தாளி வேறென்ன சொல்ல முடியும்? குப்பண்ணன் அதை அப்படியே நம்பிவிட்டார்.

"நாளைக்குக் காத்தாலயும் நானே வெக்கறேன்" என்றார், மீசையைத் துடைத்துக்கொண்டு.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், நானும் சிரித்தேன். உங்கள் உபசாரம் ஊரறிந்தது, வந்தவரை வெறும் வாயோடு அனுப்ப மாட்டீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். ஒரே ஒரு சந்தேகம். உங்கள் வீட்டில் டீத்தூள் டப்பா எந்தத் தட்டில் இருக்கிறது? உள்ளே கேட்காமல் சொல்லுங்கள் பார்ப்போம்.