மாப்பிள்ளை கைதான பெருமை

இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. பொய் சொல்வது என்று முடிவு செய்திருந்தால், நீங்கள் நம்பும்படியாக வேறு ஏதாவது சொல்லியிருப்பேன்.

போலீஸ் ஜீப் வாசலில் வந்து நின்றபோது மாப்பிள்ளை நாற்காலி மேல் ஏறி, தொலைக்காட்சிப் பெட்டியின் முதுகில் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார். காலையிலிருந்து மாமனாருக்குச் செய்தி வரவில்லை. மாப்பிள்ளை ஒரு பொத்தானை அமுக்கினார், படம் போனது. இன்னொன்றை அமுக்கினார், படம் வந்தது, குரல் போனது. துணிந்து மூன்றாவதையும் அமுக்கியதில் இருந்த சேனல்கள் அத்தனையும் அழிந்து, ஏதோ ஒரு குளிர் நாட்டில் ஒருவர் தூண்டில் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பது மட்டும் மிஞ்சியது.

"உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லு," என்றார் மாமனார், மகளைப் பார்த்து. "அந்த ஆளுக்கு மீன் மாட்டறதுக்குள்ளயாவது இறங்கச் சொல்லு."

மாப்பிள்ளை கைக்கெட்டும் தூரத்தில்தான் நின்றார். ஆனாலும் கல்யாணமான நாளிலிருந்து மாமனார் அவரிடம் எதையும் மகள் வழியாகத்தான் சொல்வார். பேருந்து நிலையத்தில் நேரக் காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். எத்தனையோ டிரைவர்களை நிற்க வைத்துக் கேள்வி கேட்ட வாய். 'மாப்பிள்ளை கம்ப்யூட்டர்ல பெரிய ஆளு' என்று தரகர் சொன்னதை நம்பிப் பெண்ணைக் கொடுத்தார். மாப்பிள்ளை வடிகால் அலுவலகத்தில் ஒற்றை விரலால் தட்டுகிற குமாஸ்தா என்பது கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரிந்தது. தரகரை அதற்கப்புறம் யாரும் பார்க்கவில்லை. மாப்பிள்ளையைத்தான் தினமும் பார்க்க வேண்டியிருந்தது.

இன்ஸ்பெக்டர் உள்ளே வந்தார். "கம்ப்யூட்டர் ஹேக்கர் வீடு இதுதானே?"

"பக்கத்துத் தெருவா இருக்கும்," என்றார் மாமனார். "இங்க அந்த மாதிரி விவரமான ஆள் யாரும் இல்ல."

"வடிகால் ஆபீஸ்ல வேலை பாக்கறது யாரு?"

நாற்காலி மேலிருந்து ஒரு கை மெல்ல உயர்ந்தது. அதில் ரிமோட் இருந்தது.

"அதைக் கீழ வை! மெதுவா!" என்று இன்ஸ்பெக்டர் கத்தினார். கூட வந்த காவலர்கள் சுவரோரம் ஒதுங்கினார்கள்.

"என்ன சார் விஷயம்?" என்றாள் மகள்.

"ரகசியத் தகவலைத் திருடித் தீவிரவாதிங்களுக்குக் குடுத்திருக்காரும்மா. சாதாரண ஆள் இல்ல. சர்வதேச அளவுல இருக்கற மூளை."

மாமனார் எழுந்து நின்றார். "எந்த அளவுல?"

"சர்வதேச அளவுல."

"இவரா?"

"இவரேதான்."

"நல்லாப் பாத்துக்கோங்க சார். ஆள் மாறிப் போயிருக்கப் போவுது. அப்புறம் வந்து இல்லைன்னு சொல்லக் கூடாது."

"அப்பா!" என்றாள் மகள்.

"நீ சும்மா இரு. பெரிய அதிகாரிங்க பேசிட்டிருக்காங்க."

விலங்கு மாட்டி மாப்பிள்ளையை வெளியே கொண்டு வந்தபோது தெருவே கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றது. வெளிநாட்டு மகனைப் பற்றித் தினமும் பேசி மாமனாரின் வயிற்றெரிச்சலை வளர்த்த எதிர்வீட்டு வாத்தியார், மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "என்ன சார் ஆச்சு?" என்றார்.

"ஒண்ணுமில்ல," என்றார் மாமனார், துண்டைத் தோளில் சரி செய்தபடி. "மாப்பிள்ளையைக் கேட்டு வந்திருக்காங்க. சர்வதேச விஷயம். உங்க பையன் இன்னும் அந்தக் கம்பெனியிலதான் இருக்காப்ல?"

பிறகு ஜீப் பக்கம் திரும்பி, "முன்சீட்ல உக்கார வைங்க சார், பின்னால குலுக்கும்," என்றார்.

காவல் நிலையத்தில் விஷயம் விளங்கியது. சந்தேகப்பட்டுப் பிடித்த ஒருவனின் கைப்பேசியில் நகரத்தின் பாதாளச் சாக்கடை வரைபடம் ஒன்றின் படம் இருந்தது. அந்தச் சாக்கடை வழியாகவே போய் ஆயுதக் கிடங்குக்குள் ஏறிவிடுவதென்று ஒரு கும்பல் திட்டம் போட்டிருந்தது. வரைபடத்தின் கீழ் மூலையில், அதைக் கம்ப்யூட்டரிலிருந்து எடுத்தவர் பெயர் என்று மாப்பிள்ளையின் பெயர் பளிச்சென்று இருந்தது.

"அவங்க எங்க இருக்காங்க, என்னைக்கு இறங்கப் போறாங்க, சொல்லிடு," என்றார் இன்ஸ்பெக்டர். "சொல்லலைன்னா ஆயுசு பூரா வெளிச்சத்தைப் பாக்க மாட்ட."

"எனக்கு ஒண்ணுமே தெரியாது சார். எங்க ஆபீஸ்ல எல்லாருமே என் பேர்லதான் உள்ள போவாங்க."

அது சத்தியமான வார்த்தை. கம்ப்யூட்டர் வந்த புதிதில் ஆளுக்கொரு கடவுச்சொல் கொடுத்தார்கள். மாதாமாதம் மாற்ற வேண்டும் என்றார்கள். எல்லாரும் மாற்றினார்கள், எல்லாரும் மறந்தார்கள், ஒவ்வொருவராகப் பூட்டப்பட்டார்கள். மாப்பிள்ளை மட்டும் மனைவியின் செல்லப் பெயரை வைத்திருந்ததால் மறக்கவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னார். அன்றிலிருந்து மேலாளர் முதல் வாட்ச்மேன் வரை அந்த அலுவலகம் முழுவதும் மாப்பிள்ளையாகவே வேலை பார்த்தது. அவர் காய்ச்சலில் படுத்திருந்த வாரத்தில்தான் அதிக வேலை செய்திருந்தார்.

அலுவலகத்தாரை வரவழைத்துக் கேட்டார்கள். கடவுச்சொல்லை அடுத்தவரோடு பகிர்ந்தால் வேலை போய்விடும் என்பது அவர்களுக்கெல்லாம் அந்த நொடியில் நினைவுக்கு வந்தது.

"இவர் பாஸ்வேர்ட் எனக்கெப்படி சார் தெரியும்?" என்றார் வரைபடக்காரர். "அடுத்தவங்க விஷயத்துல நான் மூக்கை நுழைக்கறதே இல்ல."

"என்னது அது, பாஸ்வேர்டா?" என்றார் மேலாளர். "ஆபீஸ்ல நடந்த வேலை அத்தனையும் இவர் ஒருத்தரே செஞ்சது சார். நாங்கல்லாம் சும்மாதான் உக்காந்திருந்தோம்."

அதுவும் கிட்டத்தட்ட சத்தியம்தான்.

சைபர் நிபுணர் என்று ஒருவர் வந்திருந்தார். கண்ணுக்குக் கீழே கருவளையம், கையில் மடிக்கணினி. அலுவலகக் கம்ப்யூட்டர்களைப் பிரித்துப் பார்த்துவிட்டு வந்தவருக்கு வியர்த்திருந்தது.

"சார், இந்த ஆள் போன வெள்ளிக்கிழமை ஒரே நேரத்துல எட்டு கம்ப்யூட்டர்ல வேலை செஞ்சிருக்கார். எட்டும் வேற வேற ரூம்ல."

இன்ஸ்பெக்டர் தன் நாற்காலியைச் சற்றுப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"அதை விடுங்க சார். தகவல் எந்த வழியா வெளிய போச்சுன்னு உலகம் பூரா தேடிட்டேன். எந்த சர்வர்லயும் துளி தடயம் இல்ல. இவ்வளவு சுத்தமான வேலையை என் சர்வீஸ்ல பாத்ததில்ல." நிபுணர் மடிக்கணினியை மூடிவிட்டு எழுந்து நின்றார். குற்றவாளியைப் பார்த்து ஒரு கும்பிடு போடாததுதான் பாக்கி.

"ஐயோ, எனக்குத் தட்டவே தெரியாது சார்," என்றார் மாப்பிள்ளை. "வேணும்னா நீங்களே ஒரு கம்ப்யூட்டரைக் குடுத்துப் பாருங்க."

கொடுத்தார்கள். மாப்பிள்ளை ஆள்காட்டி விரலை நீட்டி, தன் பெயரின் முதல் எழுத்தை விசைப்பலகையில் மேலும் கீழும் தேடினார். ஒரு வழியாகக் கண்டுபிடித்து, ஆவலோடு நாற்காலியை முன்னால் நகர்த்தி அமுக்கினார். மேசைக்கு அடியில் அவர் கால் ஒயரில் மாட்டியதை யாரும் கவனிக்கவில்லை. படாரென்று ஒரு சத்தம். காவல் நிலையத்தில் இருந்த திரைகள், விளக்குகள், மின்விசிறி எல்லாம் ஒன்றாக அணைந்தன.

"கையை எடு! மேல தூக்கு!"

"ஒரு விரல் சார்," என்றார் நிபுணர், இருட்டில். "ஒரே ஒரு விரல்."

விளக்கு திரும்ப வந்தபோது மாப்பிள்ளையின் பத்து விரல்களையும் துணியால் சுற்றிக் கட்டியிருந்தார்கள். மனைவியும் மாமனாரும் வாசலில் நின்றார்கள். மாமனார் வேட்டியும் சட்டையும் மாற்றி, தலை வாரி, பெண் பார்க்கப் போகிறவர் போல வந்திருந்தார்.

"சார், இவருக்குக் கம்ப்யூட்டர் தெரியவே தெரியாது," என்றாள் மனைவி. "சத்தியமா சொல்றேன். கடிகாரத்துல நேரம் மாத்தறதுக்கே என்னைத்தான் கூப்பிடுவார்."

"எத்தனை நாளா இப்படி?"

"கல்யாணம் ஆனதுலேர்ந்தே."

இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டார். "கட்டின பொண்டாட்டிகிட்டயே இத்தனை வருஷம் நடிச்சிருக்கான்."

"சார், அவர் அப்பாவி!"

"ஏம்மா தெரிஞ்சவரைப் போய்த் தெரியாதவர்னு சொல்ற?" என்று மாமனார் குறுக்கே வந்தார். "காலையில எங்க வீட்டு டிவியில ஒரு பொத்தானைத்தான் சார் அமுக்கினார். எந்த நாட்டுக்கு நேரா கனெக்ஷன் போச்சுன்னு எனக்கே தெரியல. பாஷையே புரியல."

நிபுணர் தலையை ஆட்டினார். இன்ஸ்பெக்டர் அதையும் எழுதிக்கொண்டார்.

மகள் அப்பாவின் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள். "அப்பா, நீங்க பேசற ஒவ்வொண்ணும் அவர் கழுத்துல இன்னொரு சுத்து இறுக்குது. ஆயுசுக்கும் உள்ள போட்டுடுவாங்க. புரியுதா உங்களுக்கு?"

மாமனாருக்கு அப்போதுதான் புரிந்தது. முகத்திலிருந்த பெருமை கொஞ்சம் ஆட்டம் கண்டது. அவர் நேராக நடந்துபோய் மாப்பிள்ளையின் எதிரில் நின்றார். சட்டைக் காலரைச் சரி செய்தார். நேருக்கு நேர் பேசிப் பழக்கமில்லை அல்லவா.

"மாப்ள," என்றார். "சாப்டீங்களா?"

மாப்பிள்ளைக்குக் கண் நிறைந்துவிட்டது. அந்த வரைபடம் எப்படி உருவானது என்ற உண்மையை அவர் அந்த நேரத்தில்தான் சொல்லவிருந்தார். பழைய காகித வரைபடம் மேசையைவிடப் பெரிது. அலுவலகத்தில் அதைத் துண்டு துண்டாகக் கிழித்து, ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டு கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். திரும்பச் சேர்க்கும்போது நடுத்துண்டு தலைகீழாக உட்கார்ந்துவிட்டது. அதன்படி நகரத்தின் பாதிச் சாக்கடை மேட்டைப் பார்த்து ஓடும். அதைச் சொல்லியிருந்தால் தகவல் குப்பை, வழக்கும் குப்பை. ஆனால் சொன்ன மறுநொடி அவர் பழையபடி 'உன் வீட்டுக்காரர்' ஆகிவிடுவார்.

"கடைசியாக் கேக்கறேன்," என்றார் இன்ஸ்பெக்டர். "இது உன் வேலைதானா?"

மாப்பிள்ளை மாமனாரைப் பார்த்தார். மாமனார் 'மாப்ள' என்ற சொல்லின் ஈரம் காயாத வாயோடு நின்றார்.

"என்னங்க, வாயைத் திறங்க!" என்றாள் மனைவி.

அப்போதுதான் பின்பக்கக் கழிவறையில் ஓர் ஓசை கேட்டது. யாரோ தரைக்கு அடியிலிருந்து கதவைத் தட்டுவது போல. முகம் கழுவப் போன காவலர் ஒருவர், தன் காலடியில் ஒரு கல் எழும்புவதைக் கண்டு விலகி நின்றார். கல்லுக்குக் கீழிருந்து சேறு பூசிய தலை ஒன்று வந்தது. அடுத்து ஒரு துப்பாக்கி வந்தது. பின்னால் இன்னும் இரண்டு தலைகள்.

"அசையாத!" என்றது முதல் தலை. "ஆயுதக் கிடங்குச் சாவி எங்க?"

"அது ஊருக்கு அந்தக் கோடியில இருக்குங்க," என்றார் காவலர், பழக்கத்தில் வழி சொல்லும் குரலில். "இது போலீஸ் ஸ்டேஷன்."

தலைவன் சட்டைக்குள்ளிருந்து வரைபடத்தை எடுத்தான். பார்த்தான். திருப்பி வைத்துப் பார்த்தான். பிறகு துப்பாக்கியைக் கழுவு தொட்டியில் வைத்துவிட்டுத் தானாகவே இரு கைகளையும் தூக்கினான்.

அரை மணி நேரத்தில் மேலதிகாரியே வந்து இறங்கினார். கம்பிக்குப் பின்னால் சேறு சொட்ட மூவரும் நின்றார்கள். மேலதிகாரி வரைபடத்தையும் பார்த்தார், மாப்பிள்ளையையும் பார்த்தார். சட்டென்று அவர் முகம் மலர்ந்தது.

"இன்ஸ்பெக்டர், யாருக்குய்யா விலங்கு மாட்டியிருக்கீங்க? எதிரி நம்ம கம்ப்யூட்டருக்குள்ள நுழைவான்னு முன்னாடியே கணிச்சு, தப்பான வரைபடத்தை உள்ள வச்சு, அதை அவன் கையாலயே திருட வச்சு, நேரா ஸ்டேஷனுக்கே நடத்திக் கூட்டிட்டு வந்திருக்கார்யா!"

விலங்கு கழன்றது. விரல்களைச் சுற்றியிருந்த துணியை நிபுணரே பிரித்துவிட்டார், ஒவ்வொரு விரலாக, பக்தியோடு.

"சார், அந்த நடுத்துண்டு நான் போட்டது!" என்று வரைபடக்காரர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். "இவர் பாஸ்வேர்ட் எனக்கு மனப்பாடம் சார்!"

"எல்லாரும் ஒரே பாஸ்வேர்டையே வச்சுக்கணும்னு உத்தரவு போட்டதே நான்தான்," என்றார் மேலாளர். "பாதுகாப்புக்காக."

மாமனார் யாரையும் காதில் வாங்கவில்லை. மாப்பிள்ளையின் தோளில் கை போட்டு, பேருந்து நிலையத்தில் அறிவிப்புச் செய்கிற குரலில், "எங்க மாப்ளைங்க. என் பொண்ணுக்கு நானே தேடிப் பிடிச்ச மாப்ள," என்றார். மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். அடக்கம் என்று எல்லாரும் நினைத்தார்கள். மனைவி மட்டும் முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தாள்.

மாமனார் அதோடு விடவில்லை. கம்பிக்கு அருகில் போய், நெஞ்சை நிமிர்த்தி, தலைவனைப் பார்த்துக் கேட்டார்.

"யாரோட கம்ப்யூட்டருக்குள்ள புகுந்து திருடினீங்கன்னு இப்பவாவது தெரிஞ்சுதாடா?"

தலைவன் காதிலிருந்த சேற்றை வழித்துவிட்டு நிமிர்ந்தான்.

"திருடினோமா? கவுன்டர்ல போய்க் கேட்டோம். 'இந்த ஆபீஸுக்கு இன்னும் இன்டர்நெட்டே வரல, பிரின்ட் வேணா எடுத்துத் தரோம்'னு சொல்லிக் குடுத்தாங்க."