மூணு விசில் வந்தால் இறக்கவும்

கோவில்பட்டிக்கும் கழுகுமலைக்கும் நடுவில் எந்த வீட்டுக் குழம்பு மணத்தாலும் அதற்குக் காரணம் விசில் அண்ணாச்சிதான். எந்த வீட்டுக் குழம்பு அடிப்பிடித்தாலும் அதற்கும் காரணம் அவரேதான்.

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் வேலைக்குப் போன பஸ்ஸின் கண்டக்டர் அவர். நிஜப்பெயரை யாரும் கேட்டதில்லை. அவர் வாயில் விசில் இருக்கும், வெற்றிலை இருக்கும், சமையல் குறிப்பும் இருக்கும். மூன்றும் மோதிக்கொண்டு நான் பார்த்ததில்லை.

"யக்கா, கழுகுமலை ஒண்ணா? பையில என்ன, வெண்டைக்காயா? வதக்குறப்ப ஒரு கரண்டி மோரை விடுங்க, வழவழப்பு ஓடிரும். சில்லறை இருக்கா?"

குறிப்பு எதுவும் அவருடைய சொந்தச் சரக்கு இல்லை. காலையில் தீப்பெட்டி ஆபீசுக்குப் போகும் பெண்களிடம் வாங்கியதைச் சாயங்காலம் சந்தைக்கூட்டத்துக்கு விநியோகம் செய்வார். வழியில் சேதாரமும் உண்டு. 'குழம்பில் உப்புக் கூடினால் உருளைக்கிழங்கை வெட்டிப் போடு' என்று முன்படிக்கட்டில் புறப்படுவது, பின்படிக்கட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் 'உருளைக்கிழங்குக் குழம்புக்கு உப்பைக் கூட்டிப் போடு' என்று ஆகியிருக்கும்.

"அண்ணாச்சி, நீங்க வீட்ல சமைப்பியளா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நான் தபால்காரன் மாதிரி தம்பி. கொண்டாந்து குடுக்கதோட சரி. பிரிச்சுப் பாக்க மாட்டேன்."

அந்த வருஷம் என் மனைவிக்கு மசக்கை வந்தது. எங்கள் வீட்டில் கடுகு வெடித்தால் குமட்டல். பக்கத்து வீட்டில் வெடித்தாலும் குமட்டல். 'கடுகு' என்று நான் வாயால் சொன்னாலே குமட்டல். எப்போதும்வென்றானிலிருந்து மாமனார் வந்தார். ஊர்ப்பெயருக்கு ஏற்ப எந்தப் பேச்சிலும் தோற்காதவர். துரும்பாகிக் கிடந்த மகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் துரும்பாகியிருக்கவில்லை.

"ஞாயித்துக்கிழமை வாரேன் மாப்பிள்ளை. அதுக்குள்ள இவ ஒருவேளையாவது ஒழுங்காச் சாப்பிட்டிருக்கணும். இல்லேன்னா கூட்டிட்டுப் போயிருவேன்."

போனால் பிள்ளையோடுதான் திரும்புவாள். அவளுக்குப் போக மனமில்லை. எனக்கோ, அவள் இல்லாத வீட்டை நினைத்தபோது மசக்கையே வந்துவிட்டது.

மறுநாள் பஸ்ஸில் அண்ணாச்சியிடம் புலம்பினேன். டிக்கெட் கொடுப்பதை நிறுத்திவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"தாளிக்கவே தாளிக்காதீங்க. அரிசியும் துவரம்பருப்பும் ஒண்ணாப் போட்டு நல்ல தண்ணி ஊத்துங்க. நம்ம ஊரு உப்புத் தண்ணியில பருப்பு இந்த ஜென்மத்துல வேகாது. ஒரு சொட்டு நல்லெண்ணெய், துளி மஞ்சப்பொடி. உப்பு கடைசியில. எலுமிச்சம்பழத்தை இறக்கி வச்சிட்டுப் பிழியணும், அடுப்புல இருக்கையில பிழிஞ்சா கசந்துரும். முக்கியமா, ஆற வச்சுக் குடுங்க. ஆவி அடிச்சாத்தான் குமட்டும்."

"சீர்ல வந்த குக்கர் ஒண்ணு கட்டிலுக்கு அடியில கெடக்கு அண்ணாச்சி. பயத்துல இன்னும் தொடல."

"பிறகென்ன? மூணு விசில் வந்ததும் இறக்கிருங்க."

இங்கேதான் ஒரு சிக்கல். எங்கள் வீடு பஸ் நிறுத்தத்துக்கு நேர் எதிரே. வாடை வராமலிருக்க அடுப்படிக் கதவைச் சாத்திவிட்டு இருவரும் முன்னறையில் காத்திருந்தோம். குக்கர் எப்படி விசிலடிக்கும் என்று இருவருமே கேட்டதில்லை. பஸ் வந்தது. நிற்க ஒரு விசில், கிளம்ப இரண்டு விசில்.

"மூணு வந்துட்டு!" என்று பாய்ந்து போய் இறக்கினேன். பருப்பைக் கிண்ணத்தில் போட்டால் சோழி போலக் குலுங்கியது.

அடுத்த நாள் நான் புத்திசாலியாகிவிட்டேன். கேட்ட விசிலையெல்லாம் பஸ் கணக்கில் தள்ளினேன். பக்கத்து வீட்டுக்காரர், "என்னவே, வீடு தீப்பிடிச்சிட்டா?" என்று ஓடிவந்த பிறகுதான் கதவைத் திறந்தேன். குக்கரின் அடியும் நம் ஊர்க் கரிசலும் ஒரே நிறம்.

சனிக்கிழமை இதைச் சொன்னதும் அண்ணாச்சி விசிலை வாயிலிருந்து எடுத்துப் பார்த்தார்.

"எம் விசிலா தங்கச்சி சோத்தைக் கெடுத்துச்சு? நாளைக்கு உங்க ஸ்டாப்புல விசில் கெடையாது. மத்த வண்டிக்காரன்கிட்டயும் சொல்லிருதேன்."

ஞாயிற்றுக்கிழமை எதிரே பஸ்கள் திருடனைப்போல வந்துபோயின. திடீரென்று அடுப்படிக்குள் 'உஸ்ஸ்ஸ்'.

"இதா விசிலு? பாம்புல்லா சீறுது!" என்றாள் மனைவி.

மூன்று சீறலில் இறக்கினேன். உப்பு, எலுமிச்சம்பழம். விசிறியால் வீசி வீசி ஆற வைத்தேன். ஒரு வாய் வைத்தாள். நான் கையில் வாளியோடு தயாராக நின்றேன். இன்னொரு வாய் வைத்தாள். வாளியைக் கீழே வைத்தேன்.

அவள் பாதித் தட்டைத் தாண்டியபோது மாமனார் வேர்த்து வடிய வந்து நின்றார், கோவில்பட்டிப் பக்கமிருந்து அல்ல, கழுகுமலைப் பக்கமிருந்து.

"அந்தக் கண்டக்டருக்குக் கிறுக்கா மாப்பிள்ளை? இறங்கணும்னு கத்துதேன், 'மெதுவாப் பேசுங்க பெரியவரே, அந்த வீட்டுல பருப்பு வேகுது'ங்கான்! விசிலை ஊதாம பஸ்ஸுத் தகரத்துல பூப்போலத் தட்டுதான். டிரைவருக்கு எப்படிக் கேக்கும்? அடுத்த ஊருல இறக்கி விட்டான். அங்கன மட்டும் என்னா ஊது ஊதுதான்!"

வாய் நிறையச் சோற்றோடு அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனையோ காலமாகிவிட்ட மாதிரி அவர் அவளையே பார்த்தார். பிறகு துண்டை உதறித் தரையில் உட்கார்ந்தார்.

"இன்னும் ரெண்டு கரண்டி போடுங்க மாப்பிள்ளை, அவளுக்கு" என்றார். கூட்டிக்கொண்டு போகும் பேச்சையே எடுக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் கழுகுமலையிலிருந்து திரும்பிய பஸ் சத்தமில்லாமல் எதிரே வந்து நின்றது. படிக்கட்டில் தொங்கியபடி அண்ணாச்சி புருவத்தை மட்டும் உயர்த்தினார். நான் ஜன்னல் வழியே காலித் தட்டைத் தூக்கிக் காட்டினேன்.

அவர் பஸ்ஸுக்குள் திரும்பி, அங்கே மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருந்த அத்தனை பேரிடமும் மெல்லச் சொன்னார்:

"சாப்பிட்டுட்டா."